பூங்கனி உள்ளே போன நாள்

பூங்கனிக்கு ஞானஸ்நானம் கொடுக்க டிசம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையைக் குறித்திருந்தார்கள். அவளுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. பனவிளையில் ஒவ்வொரு குடும்பமாகச் சபையில் சேர்ந்துவிட, மிஞ்சிக் கிடந்த நாலைந்து வீடுகளில் அவள் வீடும் ஒன்று. அவளுடைய தம்பி யேசுரத்தினம்தான் அந்தச் சபையின் உபதேசியார். போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வதும், நோயாளிகளின் வீட்டில் ஜெபம் பண்ணுவதும், சாயங்காலங்களில் முக்குகளில் நின்று சுவிசேஷம் சொல்வதும் அவர் வேலை. ஊரையெல்லாம் சேர்த்தவருக்குச் சொந்த அக்காவைச் சேர்க்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதுவும் அவர் பேச்சைக் கேட்டு அவள் மனம் மாறவில்லை. பனையிலிருந்து விழுந்து புருஷன் செத்ததிலிருந்து பூங்கனி தனியாகத்தான் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. பதநீர் வாங்கிக் காய்ச்சிக் கருப்பட்டி விற்றுப் பிழைத்தாள். அந்த வருஷம் ஆனி மழையில் காய்ச்சல் வந்து, எழுந்து தண்ணீர் குடிக்கவும் முடியாமல் கிடந்தாள். யேசுரத்தினத்தின் மனைவி தங்கபாய்தான் தற்செயலாக எட்டிப் பார்த்துவிட்டு, கைத்தாங்கலாகத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். காய்ச்சல் விட்டு முதல் கஞ்சி குடித்த அன்று, யாரும் கேட்காமலேயே பூங்கனி சொன்னாள்:

"செரி வேலாண்டி. நானும் உனக்க சபைக்கு வாறேன்."

யேசுரத்தினத்துக்கு அம்மா வைத்த பெயர் வேலாண்டி. அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் இப்போது அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"என்னக்கா, திடீர்ணு?"

"செத்த பொறவு நீ ஒரு எடத்துலயும் நான் ஒரு எடத்துலயும் கெடந்தா கொள்ளாமா? உனக்க மோட்சத்துக்கே வந்துருகேன். அங்க உள்ளவிய என்னைய ஏத்துக்கிடுவாவளாண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு சாயங்காலம் அவள் பாடம் கேட்க வந்தாள். தங்கபாய் வீட்டின் ஒரு மூலையை அவளுக்கென்று ஒழித்து வைத்தாள். ஞானஸ்நானத்தன்று உடுத்த வெள்ளைச் சேலை ஒன்று வாங்கி, அதன் ஓரத்தில் வைக்கத் தானே லேஸ் பின்னத் தொடங்கினாள். மிஷன் வீட்டில் சிறுமியாக இருந்தபோது படித்த வேலை அது.

யேசுரத்தினம் சபையில் சேர்ந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவரே அதைப் பிரசங்கமாகச் சொல்வார். அவர் சிறுவனாக இருந்தபோது அவிழ்ந்து ஓடிய கன்றுக்குட்டியின் பின்னால் ஓடி, தெரியாமல் மகாதேவர் கோவில் தெருவுக்குள் போய்விட்டார். அந்தத் தெருவில் அவர்கள் ஆட்கள் கால் வைக்கக்கூடாத காலம் அது. பிடித்து அடித்து, கன்றைக் கட்டும் கயிற்றாலேயே அவரை ஒரு தென்னையில் கட்டிப்போட்டார்கள். பொழுது சாயும்போது அந்த வழியாக வந்த மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவர் மன்றாடி அவிழ்த்துக்கொண்டு போனார். வேலாண்டி அதற்குப் பிறகு அந்தப் பள்ளியிலேயே படித்து, யேசுரத்தினம் ஆனார்.

"அடைத்த கதவுக்கு முன்னால் எதற்காக நிற்கிறீர்கள்? உங்களுக்காகத் திறந்த கதவு இங்கே இருக்கிறது" என்று அவர் முடிக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பவர்களின் கண் கலங்கும். அவருடைய பிரசங்கங்களில் அதுதான் நன்றாக வரும் என்பது அவருக்கும் தெரியும்.

பூங்கனியோ திருவாதிரைக்கும் சிவராத்திரிக்கும் குளித்துவிட்டு, கோவில் குளத்தின் அக்கரைக்குப் போய் நின்றுவிடுவாள். அங்கிருந்து பார்த்தால் வாசல்களெல்லாம் ஒரே நேராக அமைந்து, எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு விளக்கின் வெளிச்சம் தெரியும். அவள் அறிந்த மகாதேவர் அந்த ஒரு சொட்டு வெளிச்சம்தான். சில வருஷங்களுக்கு முன் கோவில் தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்று சர்க்கார் உத்தரவு வந்தபோது அவள் குளத்தைச் சுற்றி வந்து மதிலருகே நின்றாள். மதிலருகே நின்றால் அந்த விளக்கும் தெரியவில்லை. அவள் மறுபடி அக்கரைக்கே போனாள். இதைக் கேட்டு யேசுரத்தினம் அவளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார்.

நவம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சபை விளக்குகளுக்கு எண்ணெய் வாங்க யேசுரத்தினம் தக்கலைக்குப் போயிருந்தார். பஸ் நிற்கும் இடத்தில் கூட்டமாக இருந்தது. ஒரு வக்கீல் குமஸ்தா பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் மகாராஜாவின் பிறந்தநாள். அன்று மகாராஜா பிரகடனம் செய்திருக்கிறார்: பிறப்பினால் இந்துவான எவரையும், எந்தச் சாதியானாலும், சர்க்கார் கோவில்களுக்குள் போக இனித் தடுக்கக் கூடாது.

குமஸ்தா இரண்டு முறை வாசித்தார். முதல் தடவை யாரும் நம்பவில்லை. சிலர் வேகமாக அங்கிருந்து போய்விட்டார்கள். ஓரமாகக் குந்தியிருந்த கிழவர் ஒருவர், பனையேறிக் காய்த்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அப்பம் இனி நாம குளிச்சிட்டுப் போனா போதுமா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

யேசுரத்தினம் எண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அம்மா காலத்திலிருந்து மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒன்றை இறக்கிவைத்திருக்கிறார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றும் சொல்லிக்கொண்டார். ஆனால் உள்ளே ஏதோ காலியாகிவிட்டதுபோல் இருந்தது. கதவைத் தள்ள முழு பலத்தோடு சாய்ந்துகொண்டிருந்தவன், அது தானாகத் திறந்ததும் தடுமாறுவான் அல்லவா, அப்படி.

அன்று சாயங்காலம் பூங்கனி பாடத்துக்கு வந்தாள். அவர் பாடம் சொன்னார். அந்தச் செய்தியைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, திங்கள்சந்தையில் கருப்பட்டி விற்கப் போனவள், மத்தியானம் கழிந்ததும் காலிப் பெட்டியோடு நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தாள். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள்.

"கோயிலைத் தொறந்தாச்சாமே, வேலாண்டி."

"ஆமாக்கா."

"நீ எப்பம் கேட்ட?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை அந்திக்கு நான் இங்கதான இருந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் அங்கோட்டுப் போயிருவேன்னு பயந்தியா?"

"ஆமா," என்றார் அவர்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ பயப்படாதே. எனக்கே பயமாட்டுதான் இருக்கு. சந்தையில அவ்வளவு பேரு பேசுறாவ, நீ போறியா, நீ போறியாண்ணு ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்குறா. முதல்ல வேற யாராவது போவட்டு, பொறவு பாக்கலாம்ணுதான் எல்லாருக்கும்." காலிப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஒரு தடவ போயிட்டு வாறேன் மக்கா. உள்ள என்னதான் இருக்குண்ணு பாக்கணும். பாத்துட்டு வந்து, நீ சொன்ன ஞாயித்துக்கிழமையே தண்ணி தெளிச்சுக்கிடுகேன்."

"நீ போறதுக்கு எங்கிட்ட எதுக்குக் கேக்க?"

"ஒத்தைக்குப் போவ காலு வரேல்ல. நீ கூட வருவியா?"

"நான் வேதக்காரன்லா அக்கா. நான் உள்ள வரப்பிடாது. அந்த உத்தரவு எனக்குள்ளது இல்ல."

"உள்ள வராண்டாம். வாசல் வரைக்கும் வா."

அவள் வற்புறுத்தவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தங்கபாய் அடுக்களையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவருக்குச் சோறு போடும்போது கேட்டாள்: "நீங்க போவலேண்ணா மைனி போவாவளா?"

"போவமாட்டா."

"அப்பம் நீங்க போவணும்."

"சபையில கேப்பாவ, தங்கபாய். உபதேசியாரே சொந்த அக்காளை விக்கிரகக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாருண்ணு பேசுவாவ."

"பேசட்டு. நீங்க போவாம இருந்து, மைனியும் போவாம இருந்து, அதுக்குப் பொறவு ஞானஸ்நானம் குடுத்தா, கோயில் பக்கம் நிண்ணது போல நம்ம பக்கமும் ஒரு காவக்காரன் நிண்ணது மாதிரியில்லா ஆவும்?"

அவர் கையில் எடுத்த உருண்டை அப்படியே இருந்தது. தங்கபாய் குழம்பை ஊற்றிக்கொண்டே, வேறு ஏதோ சாதாரண விஷயம்போல, "கோயிலுக்கு உடுத்திட்டுப் போவ மைனிக்கு நல்ல சேலை ஒண்ணும் கெடையாது" என்றாள். மறுநாள் அந்த வெள்ளைச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு பூங்கனியின் வீட்டுக்குப் போனாள். லேஸ் ஒரு ஓரத்தில்தான் முடிந்திருந்தது.

"ஏட்டி, இது நீ எதுக்கு வச்சிருந்தது?" என்றாள் பூங்கனி.

"உடுத்துறதுக்கு வச்சிருந்தது மைனி. உடுத்துங்க."

புதன்கிழமை காலையில் அக்காவும் தம்பியும் புறப்பட்டார்கள். கன்னிப்பூ நெல் அறுத்து, அடுத்த நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் தெளிந்து நின்றது. பூங்கனியின் தலைமுடி ஈரமாக இருந்தது. புதுச்சேலை கால் தடுக்கியதால் கொய்யக மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். யேசுரத்தினம் ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் வேட்டியும் கோட்டும் அணிந்திருந்தார். ஏன் அப்படி உடுத்தினோம் என்று வழியில் அவருக்கே தெரியவில்லை.

கோவில் தெருவுக்குள் நுழைந்ததும் அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வீட்டு நடையில் நின்ற அம்மாள் இவர்களைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் வாசலைச் சாத்தினாள். எதிரே வந்த பால்காரர் யேசுரத்தினத்தை அறிந்தவர்.

"உபதேசியாரே, எங்கோட்டு இந்தப் பக்கம்?"

"அக்கா கோயிலுக்குப் போறா," என்றார் யேசுரத்தினம். இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வரும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

கோவில் வாசலில் காவல்காரர் ஒருவர் நின்றார். வயதானவர். இவர்களைப் பார்த்ததும் அவர் கை பழக்கத்தில் மேலே எழும்பி, பாதியில் நின்று, கீழே இறங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவிய போலாம். உபதேசியார்..."

"நான் வரேல்ல. இங்க நிண்ணுக்கிடுகேன்."

பூங்கனி படியருகே போய் நின்றுவிட்டாள். திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"எந்தக் காலை முதல்ல வைக்கணும்?"

கோவிலுக்குள் போகும் முறை அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஒரு நொடியில் பதில் வந்தது. எந்த வீட்டுக்குள் முதல்முறையாகப் போகும்போதும் அம்மா சொல்வாள்.

"வலது கால் அக்கா."

அவள் வலது காலைத் தூக்கி வைத்து உள்ளே போனாள். வெள்ளைச் சேலை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தூண்களின் இருட்டில் மறைந்தது.

யேசுரத்தினம் மதிலோரம் ஒதுங்கி நின்றார். வேறு சிலரும் வந்தார்கள். பக்கத்து விளைகளிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஆண்களும் பெண்களுமாக ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்த கோழிகள்போல் நின்று நின்று உள்ளே போனது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. யேசுரத்தினத்தையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போக முடியாதவராக அந்த வாசலில் இப்போது அவர் மட்டும்தான் நின்றார். அதை நினைத்தபோது அவருக்குக் கசப்பு வரவில்லை, கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு ஒரு கேள்வி வந்தது. அடைத்த கதவைக் காட்டிக் காட்டித்தான் இத்தனை வருஷம் பிரசங்கம் பண்ணினேன். இனி எதைக் காட்டுவேன்? அந்தத் தென்னையில் கட்டின கோபத்தில்தான் நான் கர்த்தரிடம் வந்தேனா? கோபத்தை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது?

அவர் தேடிப் பார்த்தார். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு அந்த வாத்தியாரின் மனைவி நினைவுக்கு வந்தாள். கயிறு அறுத்த மணிக்கட்டை இளஞ்சூட்டு வெந்நீரில் நனைத்து, ஊதி ஊதித் துடைத்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர் அழுவதை நிறுத்தினார். அந்த அம்மாளைப் பற்றி ஒரு பிரசங்கத்திலும் அவர் சொன்னதில்லை. அடித்தவர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்திலேயே, கண்ணை மூடாமல், யேசுரத்தினம் ஜெபம் பண்ணினார். மகாதேவர் கோவில் வாசலில் நின்று அவர் தன் கர்த்தரோடு பேசியது அதுவே முதல் தடவை. கர்த்தர் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டதாக அவருக்குத் தோன்றவில்லை.

பூங்கனி வெளியே வந்தாள். கையில் வாழையிலைத் துண்டில் சந்தனமும் ஒரு தெற்றிப்பூவும். அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த எதுவும் இல்லை. அழவில்லை, பரவசமும் இல்லை. இருவரும் தெருவைக் கடந்து வயல் வரப்புக்கு வந்தார்கள். அங்கே அவளாகப் பேசத் தொடங்கினாள்.

"சின்ன எடம், கேட்டியா. நான் ரெம்பப் பெருசாட்டு நெனச்சிருந்தேன்."

"அப்படியா?"

"ஒரே இருட்டு. எண்ணெய் மணம். பூசை செய்யுற போத்தி சந்தனத்தைக் கையில படாம மேல இருந்து போட்டாரு. ஆனா போட்டாரு." நாலடி நடந்தாள். "எனக்குப் பக்கத்துல நிண்ண ஒரு அம்மை கொஞ்சம் மாறி நிண்ணுச்சு. இன்னொரு அம்மை, 'அங்க நிண்ணா தூண் மறைக்கும், முன்னால வா'ண்ணு சொல்லிச்சு. ரெண்டு பேரும் உடுத்திருந்தது நல்ல பட்டுதான். ஒரே மாதிரிதான் இருந்தாவ."

"நீ என்ன வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணும் வேண்டேல்ல. வேண்டணும்ணு நெனச்சு வச்சிருந்தது எல்லாம் மறந்துபோச்சு. அம்மைக்க பேர மட்டும் சொன்னேன். அம்மைக்கு இதுக்குள்ள ஒரு தடவ வரணும்ணு ஆசை இருந்துச்சு. நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது."

யேசுரத்தினம் நின்றார். அவள் சொன்னது அவருடைய அம்மாவையும்தான். அம்மாவுக்கு அப்படி ஓர் ஆசை இருந்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூங்கனி இலையைக் கொய்யகத்துக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, சிறுவனாக இருந்தபோது பிடித்ததுபோல அவர் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தாள்.

ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் வந்தாள். யேசுரத்தினம் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"எனக்கு அது இப்பம் வேண்டாம் மக்கா," என்றாள்.

அவர் கோடாலியைக் கீழே வைத்தார். அது வரும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் வலித்தது.

"கோயில் கெடச்சிட்டு, அதனாலயா?"

"அதுவும் உண்டு. ஆனா அது மட்டும் இல்ல. உன்னையப் பிரியாண்டாம்ணுதான் நான் வாறேன்னு சொன்னேன். உனக்க சாமி மேல உள்ள ஆசையில சொல்லேல்ல. அவரு அதை அறியாம இருப்பாரா? போவ எடமில்லாதவ வந்து உக்காந்தா அது வந்ததாவுமா? எடம் இருந்தும் தேடி வந்தாத்தான் வந்தது."

"பொறவு எப்பமாவது தோணிச்சுண்ணா?"

"தோணிச்சுண்ணா நானே வந்து சொல்லுவேன். நீ கூப்பிடாண்டாம்."

உள்ளேயிருந்து வந்த தங்கபாய் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அன்று முழுவதும் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். சாயங்காலம், ஒழித்து வைத்திருந்த மூலையில் மறுபடி சாமான்களை அடுக்கப் போனவள், மனம் கேட்காமல் அதை அப்படியே விட்டுவிட்டாள். "மைனிக்கு எப்பம் வேணும்ணாலும் வந்து கெடக்கலாம்லா. அதுக்குத் தண்ணி தெளிக்கணும்ணு உண்டுமா?" என்று கணவரிடம் சொன்னாள். பூங்கனியிடமும் அதையே போய்ச் சொன்னாள். சேலையைத் திரும்பக் கேட்கவில்லை. மற்ற ஓரத்துக்கும் லேஸ் வைத்துக் கொடுத்தாள்.

போதகர் குமாரதாஸ் பொறுமையான மனிதர். யேசுரத்தினத்தை வரச்சொல்லி நாற்காலியில் உட்காரவைத்தார்.

"நீரே கூட்டிக்கொண்டு போனீராமே?"

"ஆமா ஐயா."

"ஏன்?"

"எனக்க அக்கா, ஐயா. துணைக்கு விளிச்சா."

போதகர் தன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "நான் உம்மைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் சபையில் இரண்டு மூன்று பேர் மனம் புண்பட்டிருக்கிறார்கள். சேர இருந்த இன்னொரு குடும்பமும் இப்போது யோசிக்கிறது. குலசேகரத்தில், ரப்பர் தோட்டத்து ஆட்கள் நடுவில் ஒரு சிறிய கூட்டம் சேர்ந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு உபதேசியார் வேண்டும்" என்றார். தண்டனை என்று அவர் சொல்லவில்லை. யேசுரத்தினமும் கேட்கவில்லை.

பனவிளையில் அவருடைய கடைசிப் பிரசங்கம் கிறிஸ்துமஸ் அன்று. பெண்கள் பக்கம் பின்வரிசையில் பூங்கனி வெள்ளைச் சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் வந்ததைப் பற்றி யாருக்கும் என்ன நினைப்பது என்று தெரியவில்லை. யேசுரத்தினம் கதவைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சிறுவனின் கையை வெந்நீரில் கழுவித் துடைத்த அம்மாளைப் பற்றிச் சொன்னார். அவ்வளவுதான். யாரும் அழவில்லை. பிரசங்கம் சின்னதாகப் போய்விட்டது என்று சிலர் குறை சொன்னார்கள். வெளியே வரும்போது பூங்கனி சொன்னாள்: "இண்ணைக்குத்தான் நீ கத்தாம பேசுன."

ஜனவரியில் யேசுரத்தினமும் தங்கபாயும் குலசேகரத்துக்குப் போனார்கள். அங்கே மலையடிவாரத்தில் விடியும்முன்பே எழுந்து ரப்பர் மரங்களைக் கீறப் போகும் ஆட்கள். ஏழெட்டு ஊர்களிலிருந்து, பல சாதியிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அவருடைய பழைய கோவில் தெருக்கதை ஒட்டவில்லை. அவர் புதிதாகப் பேசப் படித்தார். பேசுவதைவிட அதிகம் கேட்டார். ஈரக்காற்றும் ரப்பர்ப் பாலின் வாடையும் ஒத்துக்கொள்ளாமல் அவருக்கு அடிக்கடி தலைவலி வந்தது. நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் மிளகு வாங்க வந்த பனவிளைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

மாசி மாதத்தில் அதே ஆள் மறுபடி வந்தபோது, பூங்கனி சொல்லிவிட்டதாகச் சொன்னார்: மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைக்குப் போகிறாள், தம்பி கட்டாயம் வரவேண்டும்.

"போயிட்டு வாருங்க," என்றாள் தங்கபாய். மைனிக்கென்று ஒரு குப்பி மலைத்தேன் கொடுத்துவிட்டாள்.

யேசுரத்தினம் பஸ்ஸில் தக்கலை வந்து, அங்கிருந்து நடந்தார். மண்டைக்காட்டில் மணலே தெரியாத கூட்டம். மலையாளத்துப் பெண்கள் இருமுடி சுமந்து பாடிக்கொண்டு வந்தார்கள். அவர் கூட்டத்துக்குள் போகாமல், சொன்னபடி கடற்கரையில், கட்டுமரங்கள் ஏற்றி வைத்திருந்த இடத்தருகே காத்திருந்தார். வெயில் தாழ்ந்த பிறகு பூங்கனி வந்தாள். இரண்டு மாதத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள், ஆனால் நடை வேகமாக இருந்தது. கையில் இலையில் சுற்றிய இரண்டு பொட்டலங்கள்.

முதலில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முகத்தைப் பார்த்தாள். தங்கபாயைப் பற்றி, மலையைப் பற்றி, அட்டைக்கடி உண்டுமா என்று எல்லாம் கேட்டாள். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். முந்திரிக்கொத்து. சிறுபயறு வறுத்துக் கருப்பட்டிப் பாகில் உருட்டிப் பொரித்தது.

"இது நான் வீட்டுல செஞ்சது. ஒரு சாமிக்கும் காட்டேல்ல. உனக்குத் தின்னலாம்."

இன்னொரு பொட்டலத்தைத் தன் மடியில் பிரித்தாள். அதில் இருந்தது மண்டையப்பம். தலைவலி தீர வேண்டி நேர்ந்துகொள்கிறவர்கள் அம்மனுக்குப் படைப்பது.

"உனக்குத் தலைவலியா அக்கா?" என்றார் அவர்.

"எனக்கு எதுக்கு வருது? மிளகுக்காரன் வந்து சொன்னான், நீ மண்டையில துணி கெட்டிட்டுக் கெடக்கேண்ணு. உனக்கு நேந்ததுதான்."

அவர் அவளையே பார்த்தார். அவள் அப்பத்தைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்: "நீ தின்னாண்டாம். உனக்கு அது ஆவாதுண்ணு எனக்குத் தெரியும். உனக்காட்டு நான் தின்னா மதியாண்ணு அங்க பூசாரிக்கிட்ட கேட்டேன். மதி, அது போதும்ணு சொன்னாரு."

கட்டுமரத்துக்கு அந்தப் பக்கம் கடற்கரைக்காரப் பெண்கள் இருவர் வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று வீசியது. பூங்கனி அப்பத்தில் ஒரு துணுக்கும் விடாமல், மருந்து சாப்பிடுவதுபோல மென்று முடித்தாள். யேசுரத்தினம் முந்திரிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வழக்கம்போலச் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தைச் சொன்னார். அதில் அக்காவின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அவர் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"இப்பம் எப்படி இருக்கு?" என்றாள் பிறகு, அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்து.

"கொறைவுண்டு அக்கா," என்றார் அவர்.

அவள் திருப்தியோடு கையை எடுத்துக்கொண்டு, தங்கபாய் கொடுத்துவிட்ட தேன் குப்பியின் அடைப்பைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.